எழுத்தா, வேரா, வாய்பாடா? அரபுச் சொல்லின் பொருளைப் பிடிக்க நான்கு வழிகள்

தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் தாசில்தாருக்கும் குர்ஆனின் 100-ஆவது சூராவுக்கும் (அத்தியாயத்துக்கும்) சொல்லளவில் ஓர் உறவு உண்டு. தாசில் என்பது அரபியின் ‘தஹ்ஸீல்’, திரட்டுவது, வசூலிப்பது. அதோடு பாரசீகத்தின் ‘தார்’ ஒட்டிக்கொண்டது. வயலில் கிடைக்கும் மகசூல் அரபியின் ‘மஹ்ஸூல்’. திரண்டு கைக்கு வந்தது. அந்த 100-ஆவது சூராவான ஆதியாத்தில் ‘வ ஹுஸ்ஸில மா ஃபிஸ் ஸுதூர்’ என்று ஓதுகிறோம். நெஞ்சுகளுக்குள் இருப்பதெல்லாம் வெளியே கொண்டுவரப்படும்போது என்று பொருள். அந்த ‘ஹுஸ்ஸில’வும் இவற்றின் உடன்பிறப்புதான். மூன்றிலும் ஹா, ஸாத், லாம் என்ற மூன்று மெய்கள் அதே வரிசையில் நிற்கின்றன. சுற்றியிருக்கும் உயிர்களும் ஒட்டுகளும் மட்டும் மாறுகின்றன. மாறாத அந்த மெய்களின் கூட்டைத்தான் வேர் என்கிறார்கள்.

இந்த ருசி ஒருமுறை பட்டுவிட்டால் விடாது. எழுத்துகளைப் பார்த்தே சொல்லின் கருத்தைச் சொல்லிவிட முடியுமா என்று மனம் கேட்கும். பதில் சொல்ல ஆளுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப் பொருள் உண்டு என்பார் ஒருவர். வேரின் முதல் இரண்டு எழுத்தைப் பிடித்தால் போதும் என்பார் இன்னொருவர். மூவெழுத்து வேர்தான் எல்லாம் என்பார் மூன்றாமவர். மத்ரஸா ஹஸ்ரத்தோ இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், “முதலில் ஸர்ஃபு வாய்பாட்டை மனப்பாடம் பண்ணு” என்பார். ஸர்ஃபு என்பது சொல் வடிவங்களின் இலக்கணம்.

சின்ன வயதில் ஓதக் கற்று, எழுத்துக்கூட்டிச் சரளமாகப் படிக்கவும் தெரிந்து, ஆனால் ஓதுவதன் பொருள் புரியாமல் இருக்கும் பெரியவர்களை மனத்தில் வைத்தே இந்த நான்கையும் ஒப்பிடுகிறேன். அவர்களுக்கு நேரம் குறைவு. வேலை முடிந்து வந்து தினம் அரைமணி நேரம் உட்காரலாம். அந்த அரைமணியை எதில் போடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

அளவுகோல் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்கிறேன். தெரியாத சொல் எதிரே வந்தால், அகராதியைத் திறக்கும் முன்பே அதன் பொருளை ஓரளவாவது ஊகிக்க அந்த வழி உதவுகிறதா? பொருள் தெரிந்த பிறகு “ஆமாம், பொருந்துகிறதே” என்று தலையாட்ட மட்டும் உதவுவது வேறு. அது ரசனைக்கு ஆகும், படிப்புக்கு ஆகாது.

எழுத்துக்குப் பொருள் உண்டா?

நான்கில் பழைய ஆசையும் பெரிய ஆசையும் இதுதான். இதை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, அரபு இலக்கண வரலாற்றின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. மோசூலில் பிறந்து 1002-இல் மறைந்த இப்னு ஜின்னீ, ‘அல்-கஸாயிஸ்’ என்ற நூலில் ஒலிக்கும் பொருளுக்கும் இருக்கும் இணக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் காட்டும் எடுத்துக்காட்டு இன்றும் வகுப்பில் எடுபடும். முலாம்பழம், வெள்ளரி போன்ற ஈரமானதை மெல்லுவதற்கு ஒரு சொல். வாற்கோதுமை போன்ற காய்ந்து இறுகியதைக் கடிப்பதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கள்ம்’. அரபியில் முதலெழுத்து வேறு. மென்மையாக உரசி வரும் கா ஈரமானதற்கு. தொண்டையடியில் வெடித்து வரும் காஃப் காய்ந்ததற்கு. அதே போல நீர் லேசாகக் கசிந்தால் ‘நள்ஹ்’, பீறிட்டால் ‘நள்க்’. ரஹ்மான் சூராவில் சொர்க்கத்து ஊற்றுகளுக்கு வரும் ‘நள்ளாகத்தான்’ இரண்டாவது வகை. கடைசி எழுத்தின் வலிமை நீரின் வேகத்தைக் காட்டுகிறது என்கிறார்.

கேட்க இனிக்கிறது. ஒலிக்குறிப்பு எல்லா மொழியிலும் உண்டு. சலசலப்பும் கடகடப்பும் நம்மிடமும் இருக்கின்றன. ஆனால் இப்னு ஜின்னீ அதோடு நிற்கவில்லை. வேரின் மூன்று எழுத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் அடியில் ஒரே கருத்து ஓடும் என்று சொல்லிப் பார்த்தார். காஃப் (ك), லாம், மீம் மூன்றையும் ஆறு விதமாக அடுக்கலாம். அதில் ஒன்று வழக்கில் இல்லை. மற்ற ஐந்திலும் ‘வலிமை, கடுமை’ இருக்கிறது என்றார். ‘கல்ம்’ காயம், ‘லக்ம்’ குத்து, ‘மில்க்’ உடைமை, ‘கமால்’ நிறைவு என்று போய்க்கொண்டிருக்கும்போது, தண்ணீர் வற்றிய கிணற்றைக் குறிக்கும் ஒரு சொல் வந்துவிடுகிறது. வற்றிய கிணற்றில் என்ன வலிமை? வற்றினால் அங்கே போவோருக்குக் கஷ்டம், கஷ்டமும் ஒரு கடுமைதானே என்று சமாளிக்கிறார். இது மொழி முழுக்கச் செல்லும் விதி என்று நான் வாதாடவில்லை என்று அவரே எழுதியும் வைத்தார். அவரைப் பின்பற்றுகிறவர்கள் அந்த வரியைத்தான் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நம் வேரையே போட்டுப் பார்க்கலாம். ஹா-ஸாத்-லாம் திரட்டுதல். எழுத்தை மாற்றி ஸாத்-லாம்-ஹா என்று வைத்தால் ‘ஸுல்ஹ்’, சமாதானம், ‘ஸாலிஹ்’, நல்லவர். ஸாத்-ஹா-லாம் என்று வைத்தால் ‘ஸஹல்’, குரல் கம்மிப்போவது. திரட்டல், சமாதானம், கம்மிய குரல். மூன்றையும் சேர்த்து ஒரு கருத்து கட்டச் சொன்னால் கெட்டிக்காரர் ஒருவர் கட்டிவிடுவார். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தனி எழுத்துக்குப் பொருள் சொல்கிறவர்களின் நிலை இன்னும் இக்கட்டு. ஹா என்றால் வெதுவெதுப்பு என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் ‘ஹர்’, அன்பு ‘ஹுப்’, உயிர்வாழ்வு ‘ஹயாத்’ எல்லாம் வந்து சாட்சி சொல்லும். கல்லுக்கு ‘ஹஜர்’, இரும்புக்கு ‘ஹதீத்’, போருக்கு ‘ஹர்ப்’, வன்மத்துக்கு ‘ஹிக்த்’ என்று எதிர்த்தரப்பும் அதே எழுத்தோடு வந்து நிற்கும்.

ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான பந்தம் உண்டு என்று முஃதஸிலா என்ற இறையியல் பிரிவைச் சேர்ந்த அறிஞர் அப்பாத் இப்னு ஸுலைமான் வாதிட்டதாக நூல்கள் சொல்கின்றன. அந்தக் கட்சிக்காரர் ஒருவரைப் பற்றி 1505-இல் மறைந்த ஸுயூத்தீ ஒரு கதையைப் பதிந்திருக்கிறார். ‘இத்காக்’ என்ற பாரசீகச் சொல்லைச் சொல்லி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். அவர் யோசித்து, “இதில் கடுமையான வறட்சியை உணர்கிறேன், கல்லாக இருக்கும்” என்றாராம். சொல்லுக்கு அதுதான் பொருள். அந்த ஒரு கல் நன்றாகப் பட்டுவிட்டது. எத்தனை கல் எறிந்தார், எத்தனை படவில்லை என்பது கதையில் இல்லை.

தொல்காப்பியர் இதில் கறாரானவர். ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று உரியியலில் முடித்துவிட்டார். காரணமே கிடையாது என்று அவர் சொல்லவில்லை, பளிச்சென்று தெரியாது என்கிறார். அரபுக்கும் அது அப்படியே செல்லும்.

பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதும் 786 போன்ற எண் கணக்கும் இதுவும் ஒன்று என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அப்ஜத் முறையில் எழுத்துக்கு எண் மதிப்பு கொடுத்துக் கூட்டுவது தனி விவகாரம். சொல்லின் பொருளைக் கற்க அது எந்த வகையிலும் உதவாது. எழுத்துகளுக்கு மறைசக்தி கற்பிக்கும் கலையை இப்னு கல்தூன் 14-ஆம் நூற்றாண்டிலேயே தனி அத்தியாயம் போட்டு விமர்சித்திருக்கிறார்.

முதல் இரண்டு எழுத்து

இது மேலே சொன்னதைவிடக் கெட்டியான நிலம். தொண்டையடிக் காஃப் (ق), அழுத்தி உச்சரிக்கும் தா (ط) இரண்டும் முதலில் வரும் வேர்களைப் பாருங்கள்: ‘கதஅ’ வெட்டினான், ‘கதஃப’ பறித்தான், ‘கதம’ கடித்துத் துண்டாக்கினான். மூன்றாவது எழுத்து மாறமாற வெட்டும் விதம் மாறுகிறது. நூன், ஃபா இரண்டையும் பற்றி 1144-இல் மறைந்த ஸமக்‌ஷரீ தன் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) ஒரு குறிப்பு தருகிறார். பகரா சூராவின் தொடக்கத்தில் ‘யுன்ஃபிகூன்’, செலவிடுவார்கள், என்று வருகிறதே. அந்த இடத்தில், நூனில் தொடங்கி ஃபா இரண்டாவதாக வரும் சொற்கள் வெளியேறுதல், போதல் என்ற பொருளைக் காட்டும் என்கிறார். ஊதுவது ‘நஃபக’, மிரண்டு ஓடுவது ‘நஃபர’, தீர்ந்துபோவது ‘நஃபித’. நன்றாகவே பொருந்துகிறது.

நம் வேரும் இங்கே ஏமாற்றவில்லை. ஹா, ஸாத் இரண்டோடு தொடங்குபவை: அறுவடை ‘ஹஸாத்’, கோட்டை ‘ஹிஸ்ன்’, முற்றுகையிட்டு அடைப்பது ‘ஹஸ்ர்’, எண்ணிக் கணக்கெடுப்பது ‘இஹ்ஸா’, திரட்டுவது ‘தஹ்ஸீல்’. எல்லாவற்றையும் ஒரு வளையத்துக்குள் கொண்டுவரும் கருத்து ஒன்று தெரிகிறது. உற்சாகத்தோடு அடுத்த சொல்லுக்குப் போனால் ‘ஹிஸ்ஸா’, பங்கு. திரட்டியதைப் பிரித்துக் கொடுப்பது. அதற்கடுத்து ‘ஹஸப’, பொடிக்கல்லால் எறிவது. வளையம் உடைந்துவிட்டது.

காஃப்-தாவுக்கும் இதே கதி. ‘குத்ன்’ பருத்தி, ‘கதன’ ஓரிடத்தில் குடியிருந்தான், ‘கத்ர்’ சொட்டு. வெட்டுக்கும் பருத்திக்கும் என்ன உறவு? பறிப்பதால் என்று யாராவது சொல்வார்கள். பறிப்பதால் என்றால் கத்தரிக்காயும் அந்த வேரில் வந்திருக்க வேண்டும்.

முழுக்க ஆதாரமற்றது என்றும் தள்ள முடியாது. கைக்கு ‘யத்’, இரத்தத்துக்கு ‘தம்’, தந்தைக்கு ‘அப்’, சகோதரனுக்கு ‘அக்’ என்று அரபியின் மிகப் பழைய சொற்கள் சில இரண்டு மெய்களோடுதான் நிற்கின்றன. ஹீப்ரு போன்ற உறவு மொழிகளிலும் அப்படியே. மூவெழுத்து வேர்களில் ஒரு பகுதி ஈரெழுத்திலிருந்து வளர்ந்திருக்கலாம் என்று கருத இது இடம் கொடுக்கிறது. எகிப்திய அறிஞர் முஹம்மத் ஹஸன் ஜபல், ஈரெழுத்துத் தொகுதிக்கும் தனி எழுத்துக்கும் பொருள் கொடுத்து, குர்ஆன் சொற்களுக்கு ஒரு பேரகராதியே தொகுத்திருக்கிறார். உழைப்பு அசுரத்தனமானது. ஆனால் படிக்கும்போது ஒன்று தெரியும்: சொல்லின் பொருள் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது விருந்து.

ஆக, இந்த வழியை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘கதஃப’ என்ற சொல்லை அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, ‘கதஅ’வின் பக்கத்தில் எழுதிவைத்தால் மறக்காது. மறக்காமல் இருக்க உதவுவதும் ஓர் உதவிதான். ஊகிக்க உதவும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மூவெழுத்து வேர்

8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த கலீல் இப்னு அஹ்மத் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் பிரமிப்பு. 28 எழுத்துகளைக் கொண்டு, ஒரே எழுத்து திரும்ப வராத மூவெழுத்து அடுக்குகள் 28×27×26, அதாவது 19,656. அத்தனையும் ஒரு கட்டத்துக்குள் வரும். எது வழக்கில் இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்தால் மொழி முழுவதும் அகப்பட்டுவிடும். அப்படி எழுந்தது ‘கிதாபுல் ஐன்’, அரபியின் முதல் அகராதி. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஐன் எழுத்தில் தொடங்கி உதடு வரை நகரும் வரிசை. இன்று சிலர் எழுத்தை மாற்றி மாற்றிப் போடும் வித்தையை மர்மமாகக் காட்டுகிறார்களே, அதன் தொடக்கம் இந்தக் கணக்குதான். கலீல் அதில் பொருள் ஒற்றுமையைத் தேடவில்லை. சொல் எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்றுதான் பார்த்தார்.

வேருக்கு ஒரு மூலக்கருத்து என்று முறையாகத் தேடியவர் 1004-இல் மறைந்த இப்னு ஃபாரிஸ், இப்னு ஜின்னீயின் சமகாலத்தவர். அவருடைய ‘மகாயீஸுல் லுகா’ ஒவ்வொரு வேரையும் எடுத்து, இதற்கு அடிப்படை ஒன்று, இதற்கு இரண்டு, இதற்கு மூன்று என்று சொல்லிக்கொண்டே போகிறது. அவருடைய வெற்றிகளில் அழகானது ஜீம்-நூன்-நூன்: மறைதல். கண்ணுக்கு மறைந்த ‘ஜின்’, கருவில் மறைந்திருக்கும் ‘ஜனீன்’, மரங்கள் அடர்ந்து தரையை மறைக்கும் தோட்டமான ‘ஜன்னத்’, அறிவு மறைக்கப்பட்ட ‘மஜ்னூன்’, உடலை மறைக்கும் கேடயமான ‘மிஜன்’. ஐந்து சொல்லை ஒரே முடிச்சில் கொடுத்துவிடுகிறது. காஃப்-தா-பா (ك-ت-ب) என்றால் எழுதுவது என்றுதான் எல்லோரும் சொல்வோம்; அவர் ஒன்றோடொன்றைச் சேர்ப்பது என்கிறார். படைப்பிரிவுக்கு ‘கதீபா’ என்று ஏன் பெயர் என்பது அப்போது புரிகிறது.

இந்த நூலை நான் நம்புவதற்குக் காரணம் வெற்றிகளைவிட அவர் கைவிட்ட இடங்கள்தான். ஐன்-தால்-பா வேரில் ‘அத்ப்’ என்றால் தித்திப்பான தண்ணீர், ‘அதாப்’ என்றால் வேதனை. மேடைப் பேச்சாளர் யாரும் இதில் ஒரு தத்துவத்தைக் கறந்துவிடுவார். இப்னு ஃபாரிஸோ, இந்த வேரின் சொற்களை ஒன்றின் கீழ் கொண்டுவர முடியாது என்று எழுதிவிட்டு அடுத்த வேருக்குப் போய்விடுகிறார். நம் ஹா-ஸாத்-லாமுக்கு ‘திரட்டல்’ என்று சொல்லி, இரையைச் சேர்த்துவைக்கும் பறவையின் இரைப்பைக்கு ‘ஹவ்ஸலா’ என்று பெயர் வந்ததைச் சாட்சியாக வைக்கிறார். உடனே, சுரங்க மண்ணிலிருந்து பொன்னையும் வெள்ளியையும் பிரித்தெடுப்பதுதான் தஹ்ஸீலின் மூலம் என்று வேறு சிலர் கருதுவதையும் சேர்த்தே பதிகிறார். திரட்டலா, பிரித்தெடுத்தலா? ஆதியாத் வசனத்தை வாசிக்கும்போது இரண்டில் எதை மனத்தில் வைக்கிறோமோ அதற்கேற்ப நிறம் மாறும். மூலக்கருத்து என்பது இப்படி அறிஞர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கும் ஓர் ஊகம். கல்வெட்டு அல்ல.

வேரை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவிலேயே சான்று உண்டு. ‘ஸிராத்’, பாதை. பழைய அகராதிகள் இதை விழுங்குதல் என்ற பொருளுள்ள ‘ஸரித’ என்ற வினையோடு சேர்க்கின்றன; பாதை தன்மேல் நடப்பவரை விழுங்கிவிடுகிறதாம். கவிதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது லத்தீனின் ‘ஸ்த்ராத்தா’, தளம் பாவிய சாலை, கிரேக்கம், அராமைக் வழியே அரபுக்கு வந்தது என்பதே மொழியியலாளர்களின் முடிவு. ‘கலம்’ கிரேக்கத்திலிருந்தும், ‘தீனார்’ லத்தீனிலிருந்தும் வந்தவை. குர்ஆனில் வரும் ‘ஸஞ்சபீல்’, இஞ்சி, நம் பக்கத்து இஞ்சிவேரோடு உறவுடையது என்று கருதப்படுகிறது. அதன் மெய்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆழ்பொருள் தேடினால் இஞ்சி தின்ற கதைதான். பிறமொழிச் சொல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. குர்ஆனிலுள்ள இத்தகைய சொற்களைத் தனி நூலாகவே தொகுத்தவர் மேலே சொன்ன ஸுயூத்தீ.

பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அடிக்கடி வரும் இன்னொன்று: ‘அக்ல்’, அறிவு, ஒட்டகத்தின் காலைக் கட்டுவது என்ற வினையோடு ஒரே வேர்; ஆகவே அறிவென்பது ஆசையைக் கட்டிப்போடுவது. உறவு உண்மைதான். அதற்காக, இன்று கெய்ரோவில் ஒருவர் ‘அக்ல்’ என்று சொல்லும்போது அவர் மனத்தில் ஒட்டகம் எதுவும் கட்டப்பட்டிருக்காது. வேர் சொல்லின் பூர்விகத்தைச் சொல்லும். இன்றைய பொருளைப் பயன்பாடுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் வேரைப் படிக்கத்தான் சொல்வேன். குர்ஆனில் ஏறத்தாழ 77,000 சொற்கள் இருக்கின்றன. அவற்றின் வேர்களோ 2,000-க்கும் குறைவு. அரபு பேசுபவர்களின் மூளையில் வேர் என்ற ஒன்று உண்மையாகவே வேலை செய்கிறது என்பதற்கும் சான்று உண்டு. சமி பூதெலா, வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் இருவரும் நடத்திய சோதனைகளில், ஒரே வேருள்ள சொல்லை முன்னால் காட்டினால் அடுத்த சொல்லை மக்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள். இரண்டு சொல்லுக்கும் பொருளில் உறவு தெரியாதபோதும் அப்படியே நடந்தது. வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அது பொருளாக மட்டும் இருப்பதில்லை.

வாய்பாடு

வேர் தெருப் பெயர் என்றால் வாய்பாடு கதவு எண். தெருப் பெயர் மட்டும் தெரிந்தவர் தெருமுனையில்தான் நிற்பார்.

ஃபா-ஐன்-லாம் என்ற மூன்றெழுத்தை மாதிரியாக வைத்து இலக்கணத்தார் எல்லா வாய்பாடுகளையும், அதாவது வேரை வார்க்கும் அச்சுகளையும், சொல்கிறார்கள். ‘ஃபாஇல்’ செய்பவர். ‘மஃப்ஊல்’ செய்யப்பட்டது. ‘தஃப்ஈல்’ ஒன்றை அழுத்தியோ ஆக்குவித்தோ செய்யும் செயலின் பெயர். ‘மஃப்அல்’, ‘மஃப்இல்’ இடம். இவற்றைத் தமிழ் முஸ்லிம் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதி ஏற்கெனவே வாயில் இருக்கிறது. தஜ்வீத், தஃப்ஸீர், தஸ்பீஹ், தக்பீர் எல்லாம் ‘தஃப்ஈல்’ அச்சில் வார்த்தவை. தாசில்தாரின் தாசிலும் அதே அச்சு. மஸ்ஜித் சுஜூது செய்யும் இடம், மஜ்லிஸ் உட்காரும் இடம். மகசூலும், போலீஸ்காரர் வாங்கும் மாமூலும் ‘மஃப்ஊல்’. மாமூல் என்றால் செய்யப்பட்டு வழக்கமானது. சட்டம் ‘அமலுக்கு’ வருகிறதே, அந்த அமலோடு ஒரே வேர். தாலுகாவும் இலாகாவும் ஒரே வேர், வேறு வேறு அச்சு. நீதிமன்றத்து முன்சீப், ‘நிஸ்ஃப்’ என்ற பாதியிலிருந்து வந்தவர். இரு தரப்புக்கும் சரிபாதியாக நியாயம் செய்பவர். நம் ஊர்க் கச்சேரிகளில் புழங்கிய இந்தச் சொற்கள் போதும், ஒரு மாத ஸர்ஃபுப் பாடம் நடத்த.

என் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். ‘இஸ்திஃப்ஆல்’ என்ற அச்சு பெரும்பாலும் ஒன்றை வேண்டுவதைக் குறிக்கும். மன்னிப்பு என்ற வேர் அதில் விழுந்தால் இஸ்திக்ஃபார், மன்னிப்பு வேண்டுதல். நன்மை விழுந்தால் இஸ்திகாரா, நல்லதை வேண்டித் தொழுவது. நீர் புகட்டுதல் விழுந்தால் இஸ்திஸ்கா, மழைக்காகத் தொழுவது. இந்த மூன்றையும் அறிந்தவர் முன்னால், உதவி என்ற பொருளுள்ள ‘அவ்ன்’ வேரைக் கொடுத்து ‘நஸ்தஈன்’ என்று கேட்டால், உதவி வேண்டுகிறோம் என்று அகராதியைத் தொடாமலே சொல்லிவிடுவார். ஒவ்வொரு நாளும் ஃபாத்திஹாவில் ஓதுகிற சொல். மற்ற மூன்று வழிகளில் எதுவும் இந்த வேலையைச் செய்யவில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘இஸ்திஃமால்’ செயலை வேண்டுதல் அல்ல, பயன்படுத்துதல். ‘இஸ்திக்பால்’ வரவேற்பு. அச்சும் சில சமயம் சொன்ன சொல் தவறும். ஆனாலும் வழக்கமான வினை அச்சுகள் பத்துதான். கற்றுக்கொள்ள ஓர் எல்லை இருக்கிறது. எழுத்துப் பொருள் தேடும் வழிக்கு எல்லையே கிடையாது.

மனப்பாடம் அலுப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். “ஃபஅல, யஃப்அலு” என்று ராகம் போட்டுச் சொல்வது பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். பட்டியலாகப் படிக்காமல், ஏற்கெனவே ஓதத் தெரிந்த சின்ன சூராக்களில் வரும் வினைகளை ஒவ்வொன்றாக அச்சில் வைத்துப் பார்ப்பது சுலபம். எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை.

எந்த அகராதி?

வழியைத் தேர்ந்தால் அகராதியும் தேர்ந்த மாதிரிதான். ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதி 1952-இல் ஜெர்மனிலும் 1961-இல் ஆங்கிலத்திலும் வந்தது. வேர் வரிசை; ஒவ்வொரு வேரின் கீழும் வழக்கிலுள்ள வினை அச்சுகள் எண் போட்டு நிற்கும். வாய்பாடு தெரிந்தவருக்கு இதைவிட விரைவான கருவி இல்லை. இக்கால அரபுக்கு எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. ரூஹீ பஅல்பக்கியின் ‘அல்-மவ்ரித்’, சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே அகரவரிசையில் தேடலாம். தொடக்கத்தில் கைகொடுக்கும், ஆனால் தஹ்ஸீல் ஒரு பக்கத்திலும் மஹ்ஸூல் நூற்றுக்கணக்கான பக்கம் தள்ளியும் கிடப்பதால் உறவு ஒருபோதும் கண்ணில் படாது. குர்ஆன் சொற்களுக்கென்றே ராகிப் அல்-இஸ்ஃபஹானீ எழுதிய ‘முஃப்ரதாத்’ வேர் வரிசையில் பொருளை நிதானமாக விளக்கும். எட்வர்ட் லேனின் பேரகராதி 1863 முதல் 1893 வரை எட்டுப் பகுதிகளாக வந்தது. ஆழம் வேண்டியவர்களுக்கு அது போதும் போதும் என்றாகும்.

வேர் வரிசை அகராதியில் முதல் வருடம் தடுமாற வைப்பவை வாவ், யா வரும் வேர்கள். ‘இத்திஸால்’, தொடர்பு அல்லது போன் அழைப்பு, எங்கே தேடுவது? வேர் வாவ்-ஸாத்-லாம், முதலெழுத்தான வாவ் கரைந்து தாவாகிவிட்டது. ‘மீஸான்’ தராசு, வேர் வாவ்-ஸாய்-நூன். இதற்கும் வாய்பாட்டைத் தவிர மருந்தில்லை.

வாவ்-ஸாத்-லாம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ‘வசூல்’ இந்த வேர்தான், வந்து சேருதல். வசூல், மகசூல் இரண்டும் தமிழ்க் காதுக்கு ஒரே சத்தமாக முடிவதால் ஒரே குடும்பம் என்று தோன்றும். இல்லை. தமிழ் எழுத்தில் பார்த்து வேர் கண்டுபிடிக்கப் போகவே வேண்டாம். இதயமும் நாயும் தமிழில் ஒரே ‘கல்ப்’. ஸீன் (س), ஸாத் (ص), தா (ث) மூன்றையும் பலர் ‘ஸ’ என்றே எழுதிவிடுகிறோம். அகராதியை அரபு எழுத்தில் மட்டுமே புரட்டுங்கள். ஓதத் தெரிந்தவருக்கு அது ஒரு சுமையே அல்ல.

ஆக, என் தேர்வு: முதல் ஆறு மாதம் வாய்பாடு, தெரிந்த சூராக்களை வைத்து. அதன்பின் வேர் வரிசை அகராதி. சில நூறு வேர்கள் கைவசமான பிறகு இப்னு ஃபாரிஸை ஞாயிற்றுக்கிழமைகளில் புரட்டலாம், அது சுகமான வாசிப்பு. ஈரெழுத்துக் குடும்பங்களை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். தனி எழுத்தின் பொருளை யாராவது பணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிறேன் என்றால் அந்தப் பணத்துக்கு அகராதி வாங்கிவிடுங்கள்.

கணினியில் அரபுத் தேடல் செய்ய நினைப்பவர்களுக்கு விடை வேறு. எல்லாச் சொல்லையும் வேராகச் சுருக்கி வைத்தால் கிதாபை (நூலை) தேடுபவருக்கு மக்தப் என்ற அலுவலகமும் வந்து குவியும். 2002-இல் லியா லார்க்கியும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வேர் வரை போகாமல் முன்பின் ஒட்டுகளை மட்டும் உரித்து, மிஞ்சிய அடிச்சொல்லில் தேடுவதே நல்ல பலன் தந்தது.

குவைத்துக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர் இந்த நான்கையுமே தள்ளிவைக்கலாம். அங்கே நலம் விசாரிப்பது ‘ஷ்லோனக்’. பிரித்தால் ‘உன் நிறம் என்ன’ என்று வரும், பத்து வினை அச்சும் அதில் செல்லாது. ‘இப்போது’ என்பதற்கு ‘அல்ஹீன்’. அவருக்கு வேண்டியது அன்றாடம் புழங்கும் முந்நூறு சொற்களும், அவற்றைச் சத்தமாகச் சொல்லிக் கேட்க ஓர் ஆளும்.